பேரு தையல்நாயகி, தைக்கத் தெரியாது

ஞாயித்துக்கெழமை ஒரு நாளாவது எட்டு மணி வரைக்கும் தூங்கலாம்னு படுத்திருந்தா ஏழு மணிக்கே காலிங் பெல். இவருக்கு மூணாவது வீட்ல ஓடுற கிரிக்கெட் கமெண்ட்ரி கேக்கும், நம்ம வீட்டு பெல் மட்டும் கேக்காது, வழக்கம்போல போர்வையை இழுத்து மூடிக்கிட்டார். போய்க் கதவைத் தொறந்தா முன்னப்பின்ன தெரியாத ஒரு அம்மா, கையில ஜவுளிக்கடை கட்டப்பை. வாங்கன்னு சொல்றதுக்குள்ள உள்ள வந்து பையை சோபால கவுத்தாச்சு. நாலு ப்ளவுஸ் பிட்டு, லைனிங் துணி, ஒரு அளவு ஜாக்கெட்டு, ரப்பர் பேண்ட் போட்டு சுத்தின ஜரிகை லேஸ். "இந்த மெரூனுக்கு மட்டும் பாட் நெக் வெச்சு பின்னாடி கயிறு கட்டிருங்க, கை முட்டி வரைக்கும் வரணும், வியாழக்கெழமை நலங்கு, புதன் சாயங்காலம் குடுத்துருவீங்கல்ல?"

நான் டெய்லர் இல்லீங்கன்னேன். அந்தம்மா என்னை மேலயும் கீழயும் பாத்துட்டு, "கல்யாண சீசன்ல எல்லாரும் இதத்தாம்மா சொல்றீங்க, கூலி கூடப் போட்டுத் தர்றேன்"னாங்க. சத்தியமா எனக்குத் தைக்கத் தெரியாது, பட்டன் பிஞ்சா சேஃப்டி பின் குத்திக்கிட்டு போற ஆளு நான்னு சொன்னதுக்கு வந்துச்சு பாருங்க கோவம். "அப்பறம் எதுக்கு வாசல்ல போர்டு?"

போர்டு! அது இவரோட கைங்கரியம். வீடு குடிவந்தப்ப, உன் பேரைத்தான் போடணும்னு ஆசையா பித்தளைல நேம் பிளேட் செய்யக் குடுத்தார். செஞ்சவர் பேரு நீளமா இருக்குன்னு ரெண்டு வரியா மடக்கி, மேல 'தையல்'னு கொட்டை எழுத்துல, கீழ 'நாயகி'ன்னு ஒல்லியா வெட்டி, சும்மா இருக்கக் கூடாதுன்னு ரெண்டு ஓரத்துலயும் பூவேலை வேற பண்ணிக் குடுத்துட்டார். அன்னைக்கே சொன்னேன், இது பேரு மாதிரி இல்லங்க, கடை மாதிரி இருக்குன்னு. "தமிழ் தெரிஞ்சவனுக்குப் புரியும்"னார். அந்தம்மாவுக்கும் தமிழ் தெரியும், அதான் பிரச்சனையே.

எங்கப்பா பேரு வைத்தியநாதன். கூட்டுறவு சொசைட்டில முப்பது வருஷமா கணக்கு எழுதினவர். அவர்ட்ட போயி யாராவது ஊசி போடுங்கன்னு கைய நீட்டினாங்களா? தம்பி முத்துக்குமாரசாமி, முத்து இருக்கா பவளம் இருக்கான்னு யாராவது கேட்டாங்களா? வைத்தீஸ்வரன்கோயில் குலதெய்வம்னா குடும்பமே கோயிலைப் பங்கு போட்டு பேர் வெச்சுக்கும், சாமி பேரு அப்பாவுக்கு, முருகன் பேரு தம்பிக்கு, மிச்சம் அம்பாள் எனக்கு. நல்லவேளை அங்க செவ்வாய்க்கு தனி சந்நிதி இருக்கு, எனக்கு இன்னொரு தம்பி பொறந்திருந்தா அங்காரகன்னு வெச்சிருப்பாங்க, வெக்கக்கூடிய ஆளுங்கதான்.

பேருக்கு அர்த்தம் கேட்டா ஆளாளுக்கு ஒண்ணு சொல்லுவாங்க. அது வைத்தியர் கோயில் இல்லையா, 4448 வியாதியையும் தீர்க்கிற சாமி, அம்பாள் கூடவே தைலப் பாத்திரம் எடுத்துக்கிட்டு வந்தா, அதனால தைலநாயகி, அதுதான் தேய்ஞ்சு தையல்நாயகி ஆயிருச்சுன்னு எங்க சித்தி இன்னைக்கும் சாதிக்கும். கேக்க நல்லா இருக்கு, ஆனா அவ்வளவு தூரம் சுத்தவே வேணாம். பழைய தமிழ்ல தையல்னாலே பொண்ணு. தையல்நாயகின்னா பொண்ணுங்களுக்கெல்லாம் தலைவி. சும்மா ஒரு பொண்ணுன்னு கூட இல்ல, அழகா அலங்காரம் பண்ணின பொண்ணுங்கிற வாசனையும் அந்தச் சொல்லுல உண்டு. இவ்வளவு கம்பீரமான பேரை வெச்சுக்கிட்டு நான் ஞாயித்துக்கெழமை காலைல நைட்டியோட நின்னு எனக்கு பாட் நெக் வராதுங்கன்னு கெஞ்சிக்கிட்டு இருக்கேன்.

அர்த்தம் தெரிஞ்சதாலயும் நிம்மதி கெடையாது. ஸ்கூல்ல ஔவையாரோட ஆத்திசூடி நடத்தின அன்னைக்கு 'தையல் சொல் கேளேல்'னு வந்துச்சு பாருங்க, அதுக்கப்பறம் நான் க்ளாஸ் லீடரா இருந்து ஒரு பய பேச்சை நிறுத்தல. வாயில வெரல வைங்கடான்னா "ஔவையாரே கேக்காதன்னு சொல்லிட்டாங்க"ங்குறது. தமிழ் டீச்சர் எனக்காக வரிஞ்சு கட்டிக்கிட்டு, பாரதியார் புதிய ஆத்திசூடில 'தையலை உயர்வு செய்'னு எழுதியிருக்கார்டா, அதைப் படிங்கடான்னாங்க. படிச்சானுங்க. மறுநாள் மத்தியானம் இடைவேளைல என்னை பெஞ்சோட தூக்கிட்டானுங்க. டீச்சர் கேட்டதுக்கு உயர்வு செய்யிறோம் டீச்சர்னு பதில். கடைசி பெஞ்சுக்காரனுங்களுக்கு பாரதியார் அவ்வளவு ஆழமா புரிஞ்சது அதுதான் ஒரே தடவை.

எங்க பக்கம் அந்தந்த ஊரு அம்பாள் பேரு தெருவுக்கு ரெண்டாவது இருக்கும். திருக்கடையூர்ல அபிராமி, நாகப்பட்டினத்துல நீலாயதாட்சி, மாயவரத்துல அபயாம்பிகை, திருவாரூர்ல கமலாம்பாள். இதுல அபிராமி மட்டும் எப்படியோ தப்பிச்சு இன்னிக்கும் ஃபேஷனா நிக்குது, கமலாம்பாள் கமலாவா மாறி கொஞ்ச காலம் ஓட்டுச்சு, நீலாயதாட்சி நீலான்னு சுருங்கி பொழைச்சுக்கிட்டா. வெட்டிச் சுருக்கினாலும் நிக்கிற பேருதான் பொழைக்கும்னு எனக்குத் தோணுது. என் பேரை எங்க வெட்டுறது? பின்னாடி வெட்டினா தையக்கடை, முன்னாடி வெட்டினா சினிமா ஹீரோயின். காலேஜ்ல ஒருத்தி என்னை நாயகின்னு கூப்பிடப்போக, பஸ்ஸே திரும்பிப் பாத்துட்டு, பாத்தவங்க முகத்துல ஒரு ஏமாத்தம் தெரிஞ்சுது பாருங்க, அதை இன்னும் மறக்கல. ஆபீஸ்ல டி.என்.னு கூப்பிடுறாங்க, நம்பர் பிளேட்டுல பாதிய மறைச்ச வண்டி மாதிரி. இப்ப என் பொண்ணு க்ளாஸ்ல பாதிப் பேரு 'இகா'ல முடியுது, மீதிப் பேரு 'ஷ்'ல முடியுது, டீச்சர் கூப்பிட்டா ஒருத்திக்குப் பதிலா நாலு பேரு எந்திரிக்கிறாங்களாம். என்னைக் கூப்பிட்டா ஒரே ஆளு. நான் மட்டும்தான். அந்த ஒரு பெருமை இருக்கு.

இங்கிலீஷ்ல எழுதுறது தனிக் கொடுமை. தமிழ்ல ஆறே எழுத்து, இங்கிலீஷ்ல எழுதுறவங்க மனசைப் பொறுத்து 12லேர்ந்து 14 வரைக்கும். ஆதார்ல நாயகிக்கு 'கே', பான் கார்டுல 'ஜி', பேங்க் பாஸ்புக்குல தையலுக்கு 'ஐ' காணோம். ரெண்டு கார்டையும் இணைக்கச் சொன்னப்ப நான் மூணு பேரா இருக்குறது தெரியவந்துச்சு. 2020ல 1018 ஊர் பேரை தமிழ் உச்சரிப்புக்கு ஏத்த மாதிரி இங்கிலீஷ்ல மாத்துறோம்னு அரசாணை போட்டு, ஆளாளுக்கு எழுத்தைப் பிரிச்சு மேஞ்சு கிண்டல் பண்ணினதும் கொஞ்ச நாள்லயே வாபஸ் வாங்கினாங்களே, அப்ப ஊரே சிரிச்சுது, நான் சிரிக்கல. கவர்மெண்ட்டுக்கே முடியலன்னா கம்ப்யூட்டர் சென்டர்ல டைப் அடிக்கிற பையனைச் சொல்லி என்ன பண்றது. இதுல வடக்கேர்ந்து லோன் வேணுமான்னு போன் பண்றவங்களுக்கு நான் எப்பவுமே 'தயால் நாயக்'தான். போன வாரம் ஒருத்தன், "தயால் நாயக் சார்கிட்ட பேசணும் மேடம்"னான். சார் வெளில போயிருக்கார், லோன் எல்லாம் அவருக்குப் பிடிக்காதுன்னு சொல்லி வெச்சேன். இனிமே அப்படித்தான். அந்த சாரு ஒருத்தருதான் இந்தப் பேரால எனக்குக் கெடைச்ச லாபம்.

சரி, அந்தம்மா கதை. எதிர்வீட்டு அக்கா வந்து பஞ்சாயத்து பண்ணி, அது அவ பேருங்க, அம்பாள் பேருன்னு எடுத்துச் சொன்னதும் கன்னத்துல போட்டுக்கிட்டாங்க. அம்பாளுக்குத்தான், எனக்கில்ல. எங்கிட்ட, "பேர வெச்சதுக்காவது கத்துக்கிட்டிருக்கலாம்ல"ன்னு கேட்டுட்டு துணியெல்லாம் எடுத்து பைல திணிச்சுக்கிட்டு போயிட்டாங்க. லேஸ் சுருளை மட்டும் விட்டுட்டு. அது சோபா இடுக்குல கெடக்கு, யார்ட்ட குடுக்குறதுன்னு தெரியல.

இவர் எட்டு மணிக்கு எந்திரிச்சு வந்து, யாரு வந்தா, காபி ஆச்சான்னார். அதைப் பத்தி நான் எழுத விரும்பல.

அம்மாட்ட போன்ல சொன்னேன். விழுந்து விழுந்து சிரிச்சுட்டு, "உங்க அப்பாயி இருந்திருந்தா அந்தப் பொம்பளைய உக்கார வெச்சு காபி குடுத்து, நாலு ரவிக்கையும் கையாலயே தச்சுக் குடுத்து அனுப்பியிருப்பாங்க"ன்னுச்சு. அப்பாயி பேரும் இதேதான், அவங்க பேரைத்தான் எனக்கு வெச்சது. அதுல ஒரு சிக்கல், மாமியார் பேரை மருமக வாயால சொல்லக் கூடாதே, அதனால பெத்த பொண்ணை ஒரு நாள் கூட அம்மா பேர் சொல்லிக் கூப்பிட்டது கெடையாது. பாப்பாதான். ஸ்கூல்ல சேக்கப் போனப்ப ஹெட்மாஸ்டர் பேரென்னன்னு கேட்டதுக்கு அம்மா என்னைப் பாத்து "சொல்லு பாப்பா"ன்னுச்சு, நான் பாப்பான்னேன், அவரும் பேனாவை எடுத்து பாப்பான்னு எழுதிட்டார். அம்மா பதறிப்போய், "அது இல்ல சார், நம்ம அம்பாள் பேரு சார், நாயகின்னு முடியும் சார், முன்னாடி ரவிக்கைக்குப் பண்ணுவோம்ல சார்"னு விடுகதை போட்டு, கடைசில பியூன்தான் கண்டுபிடிச்சார். கோயில்ல அர்ச்சனைக்கு பேரு நட்சத்திரம் கேட்டாலும் என் முதுகுல இடிச்சு நீயே சொல்லுன்னு தள்ளிவிடும்.

அப்பாயி போயி எவ்வளவோ வருஷம் ஆச்சு. இன்னைக்கு என்னமோ தோணுச்சு, அம்மா, ஒரே ஒரு தடவை என் பேரைச் சொல்லேன், கேக்கணும் போல இருக்குன்னேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சே இல்ல. அப்பறம், "போடி, அவங்க போட்டோ எதுத்தாப்லதான் மாட்டியிருக்கு, கேட்டுறப் போவுது"ன்னு போனை வெச்சிருச்சு.

அஞ்சு நிமிஷம் கழிச்சு மறுபடியும் போன். கொல்லைப்பக்கம் வந்துட்டேன், இப்பச் சொல்லட்டான்னு குசுகுசுன்னு கேக்குது.