‘ஃபார்ம் தப்பா இருக்கு மேடம்’

ஜிம்முக்குப் போக ஆரம்பிச்சு ஒரு வருஷம் மூணு மாசம் ஆகுது. இதுல டெட்லிஃப்ட் (தரைல கிடக்கற வெயிட் கம்பிய, அதாவது பாரை, குனிஞ்சு புடிச்சு நிமிந்து தூக்கறது) கத்துக்க மூணு மாசம் ஆச்சு, மீதி ஒரு வருஷமும் யார் எத்தனை மணிக்கு வருவாங்க, எந்த மூலைல நின்னா முதுகுக்குப் பின்னாடி செவுரு இருக்கும், எந்தக் கண்ணாடில யாரு நம்மள பாக்கறாங்கன்னு தெரியும், இதெல்லாம் கத்துக்கிட்டதுலயே போச்சு. போலீஸ் கேஸ், அடிதடின்னு எதிர்பார்த்து படிக்காதீங்க, அப்படி ஒண்ணும் நடக்கல. நடந்ததெல்லாம் சின்னச் சின்ன விஷயம், வெளிய சொன்னா "இதுக்கெல்லாமா"ன்னு கேக்கற அளவு சின்னது. அதனாலதான் எழுதறேன்.

நான் போனது முதுகு வலிக்கு. ராணிப்பேட்டைல ஒரு ஷூ கம்பெனில அக்கவுண்ட்ஸ், பத்து வருஷமா உக்காந்த எடத்துல வேலை, போறப்ப ஒரு மணி நேரம் வர்றப்ப ஒரு மணி நேரம் பஸ்ஸு. ஃபிசியோ பாத்தவங்க, முதுகு பெல்ட்டை கழட்டி வெச்சிட்டு வெயிட் தூக்கக் கத்துக்கோங்க, முதுகுத் தசைல பலமே இல்லன்னு சொல்லிட்டாங்க. அம்மா கிட்ட சொன்னா, "இன்னாடி இது, வெயிட்டு தூக்கி இடுப்பு புடிச்சிக்கினவங்கள பாத்துகீறேன், இடுப்பு வலிக்கு வெயிட்டு தூக்கறவள இப்பதான் பாக்கறேன்".

இத்தனைக்கும் நாங்க இருக்கறது வேலூர் சத்துவாச்சாரி. வெயிட் லிஃப்டிங் எங்க ஏரியால புதுசு இல்ல. சதீஷ் சிவலிங்கம் எங்க ஊர்க்காரர்தான், 2014 கிளாஸ்கோ, 2018 கோல்ட் கோஸ்ட், ரெண்டு காமன்வெல்த்லயும் 77 கிலோ பிரிவுல தங்கம். பேரு வந்தா எங்கப்பா டீக்கடைல அவரே தூக்கின மாதிரி பேசுவாரு. ஆனா பொண்ணு தூக்கறேன்னா மட்டும் "பாத்துமா, கை பெருசாயிடும்". கர்ணம் மல்லேஸ்வரி 2000 சிட்னில மொத்தம் 240 கிலோ தூக்கி வெண்கலம் வாங்கினப்ப, இந்தியப் பொண்ணு ஒருத்தி ஒலிம்பிக்ல மெடல் வாங்கறது அதுதான் முதல் தடவை, அப்ப டிவி முன்னாடி கை தட்டினவரும் இதே அப்பாதான்.

சரி ஜிம் கதைக்கு வரேன். பேர் வேண்டாம், ஆற்காடு ரோடு பக்கம்னு மட்டும் வெச்சிக்கோங்க. சேரும்போதே ஓனர் சொன்னாரு, "மேடம் லேடீஸ் பேட்ச் தனியா இருக்கு, காலைல பதினொண்ணுலேருந்து மத்தியானம் நாலு வரைக்கும், ஃப்ரீயா பண்ணலாம்". சார், பதினொரு மணிக்கு நான் ராணிப்பேட்டைல ஜிஎஸ்டி பாத்துட்டு இருப்பேன். பொம்பளைங்கன்னா வீட்ல சமைச்சு முடிச்சிட்டு பதினொரு மணிக்கு சும்மா இருப்பாங்கன்னு யாரோ முடிவு பண்ணி போட்ட டைம் அது. வேலைக்குப் போறவ, காலேஜ் போற பொண்ணு, சிஎம்சில ஷிஃப்ட் பாக்கற நர்ஸு, இவங்க யாருக்கும் அது ஒத்துவராது. அதனால நான் காலைல அஞ்சே முக்கால். அந்த நேரத்துல இருபது ஆம்பளைங்க, நான், சில நாள் ஒரு காலேஜ் பொண்ணு.

முதல் ரெண்டு மாசம் டிரெட்மில்ல மட்டும்தான் நடந்தேன். வெயிட் பக்கம் போகவே பயம். அந்தப் பக்கம்தான் பாரை வெக்கற ராக், அந்தப் பக்கம்தான் கூட்டம், அந்தப் பக்கம்தான் பெரிய கண்ணாடி. நிறைய பொண்ணுங்க வருஷக்கணக்கா டிரெட்மில்லயே நடக்கறதப் பாத்து "இவங்களுக்கு வெயிட்ல இன்ட்ரஸ்ட் இல்ல"ன்னு டிரெய்னருங்க சொல்வாங்க. இன்ட்ரஸ்ட் இல்லாம இல்லப்பா, நடுவுல பத்தடி நடந்து வரணும், அதுதான் விஷயம்.

மூணாவது மாசம் போனேன். காலி பாரே 20 கிலோ, ரெண்டு பக்கம் அஞ்சு அஞ்சு போட்டு முப்பது. குனிஞ்சு தூக்கறேன், பின்னாடி ஒரு குரல், "ஃபார்ம் தப்பா இருக்கு மேடம்". ஃபார்ம்னா தூக்கற முறை. திரும்பினா நாப்பத்தஞ்சு வயசு இருக்கும், டிரெய்னர் கிடையாது, என்னை மாதிரி பணம் கட்டி வர்றவருதான். நல்லதுக்குத்தானே சொல்றாருன்னு கேட்டுக்கிட்டேன். மறுநாளும் வந்தாரு. மூணாவது நாள் "முதுகை இப்படி வெக்கணும்"னு சொல்லிட்டே இடுப்புக்கு மேல கைய வெச்சிட்டாரு. பாரை அப்படியே கீழ போட்டேன், டமால்னு சத்தம், எல்லாரும் திரும்பிப் பாத்தாங்க, என்னைத்தான் பாத்தாங்க, "வெயிட்டை கீழ போடாதீங்க"ன்னு செவுத்துல போர்டு வேற இருக்கு.

அவர் சொன்ன கரெக்ஷனும் தப்பு. டெட்லிஃப்ட்ல இடுப்பைப் பின்னாடி தள்ளி, பாரைக் கால ஒட்டியே ஏத்தணும், இவரு முட்டியை மடக்கி ஸ்குவாட் மாதிரி உக்காரச் சொல்றாரு. அவரே பாரை ஒரு முழம் தள்ளி வெச்சுதான் தூக்குவாரு, பாத்திருக்கேன். அதே வரிசைல ஒரு பையன், தொண்ணூறு கிலோ இருப்பான், முதுகை வில்லு மாதிரி வளைச்சு நூறு கிலோ தூக்கறான். டிஸ்க் போயிடுமோன்னு பாக்கற எனக்கே பயமா இருக்கு. அவன் கிட்ட ஒரு நாள் கூட இந்த அண்ணன் போய் "ஃபார்ம் தப்பா இருக்கு தம்பி"ன்னு சொன்னதில்ல. சரி, இது உதவி இல்ல, வேற ஏதோன்னு எனக்குப் புரிஞ்ச இடம் அதுதான்.

நம்ம ஊர்ல பொண்ணுங்ககிட்ட ஒரு கவசம் இருக்கு, அண்ணா. ஆட்டோல, பஸ்ல, பேங்க்ல, எங்க ஆளு கொஞ்சம் ஓவரா போறான்னு தோணுதோ அங்க சத்தமா ஒரு "அண்ணா" போட்டா பாதி பேரு நகந்துடுவாங்க. நானும் போட்டேன். "பரவால்லண்ணா, நானே பாத்துக்கறேண்ணா, டிரெய்னர் கிட்ட கேட்டுக்கறேண்ணா", ஒரே வாக்கியத்துல மூணு அண்ணா. அவரு சிரிச்சிக்கிட்டே "அண்ணா எல்லாம் எதுக்கு, பேர் சொல்லியே கூப்பிடுங்க". அந்த சிரிப்பு இருக்கே, அதை யார் கிட்ட எப்படி கம்ப்ளைன்ட்டா சொல்றது? சிரிச்சாருன்னா?

அதுக்கப்புறம் மெசேஜ். காலைல நாலு மணிக்கு ரோஜாப்பூ படம் போட்டு குட் மார்னிங். நம்பர் எப்படி கிடைச்சதுன்னு மண்டைய உடைச்சிக்கிட்டேன், அப்புறம்தான் தெரிஞ்சது, கவுன்ட்டர்ல திறந்தே கிடக்கற அட்டெண்டன்ஸ் நோட்டு. பேரு, போன் நம்பரு, வந்த நேரம், போன நேரம், எல்லாம் நானே என் கையால தினம் எழுதிக் குடுத்திருக்கேன். உள்ள வர்ற யாரு வேணாலும் ஒரு போட்டோ எடுத்துக்கலாம். இதை ஒரு பொண்ணாவது டிசைன் பண்ணியிருப்பாளா சொல்லுங்க.

ரெண்டு வாரம் பதில் போடாம இருந்தேன், பேசாம இருந்தா போயிடும்னு நெனப்பு. போகல. எங்க ஆபீஸ்ல லீகல் பாக்கற அக்கா ஒருத்தங்க, "நீ கம்முனு இருந்தா அவனுக்கு அது சம்மதம் மாதிரி தெரியும், ஒரே ஒரு தடவை தெளிவா எழுது"ன்னாங்க. 2024 ஜூலை 1லேருந்து ஐபிசி போய் பாரதிய நியாய சன்ஹிதா வந்துச்சு இல்ல, அதுல 78வது பிரிவு. ஒரு பொண்ணு விருப்பம் இல்லன்னு தெளிவா காட்டின பிறகும் திரும்பத் திரும்ப தொடர்பு கொள்ள பாத்தா அதுக்குப் பேரு ஸ்டாக்கிங், முதல் தடவைக்கே மூணு வருஷம் வரைக்கும் ஜெயில் போடலாம். பழைய சட்டத்துல 2013ல சேத்த 354டி தான் இப்ப இந்த நம்பர்ல இருக்கு. "தெளிவா காட்டின பிறகும்", அந்த வார்த்தைதான் முக்கியம். அதனால எழுதினேன், "இந்த நம்பருக்கு இனிமே மெசேஜ் பண்ணாதீங்க, எனக்கு விருப்பம் இல்ல". அண்ணா போடல. ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வெச்சேன். பதில் வந்துச்சு, "தப்பா எடுத்துக்கிட்டீங்க மேடம், சிஸ்டர் மாதிரி நெனச்சுதான்". நான் அண்ணான்னு கூப்பிட்டப்ப வேண்டாம்னவரு!

ஓனர் கிட்ட போனேன். நல்லா கேட்டாரு, தலைய ஆட்டினாரு, கடைசில "அவர் நல்ல மனுஷன் மேடம், அஞ்சு வருஷமா வர்றாரு, ஃபேமிலி மேன். நீங்க வேணா கொஞ்ச நாளைக்கு லேடீஸ் பேட்ச்ல வாங்களேன்". தொட்டவரு அஞ்சே முக்காலுக்கு வருவாராம், தொடாதேன்னு சொன்னவ பதினொரு மணிக்குப் போகணுமாம். நான் வருஷ பேக்கேஜ் முழுசா கட்டியிருந்தேன், இல்லன்னா அன்னைக்கே வேற ஜிம் பாத்திருப்பேன்.

வேலூரப் பத்தி ஒரு பழைய பேச்சு இருக்கு, உங்களுக்கும் தெரியும். மரமில்லா மலை, தண்ணியில்லா ஆறு, ராஜா இல்லா கோட்டை, சாமி இல்லா கோயில், அழகில்லா பொண்ணுங்க. ஸ்கூல்லேருந்து இதைக் கேட்டு வளந்தவ நான். சாமி இல்லா கோயிலுக்கு 1981லயே சாமி வந்துட்டாரு, அதுவரைக்கும் ஜலகண்டேஸ்வரர் எங்க சத்துவாச்சாரிலதான் இருந்தாரும்பாங்க எங்க பாட்டி. பாலாறு 2021 நவம்பர்ல ரெண்டு கரையும் முட்டி ஓடுச்சு, பாக்க போன கூட்டத்துல நானும் ஒருத்தி. ஆக அஞ்சுல ரெண்டு பொய்யாயிடுச்சு, ஆனாலும் அந்தக் கடைசி ஒண்ண மட்டும் இன்னும் சொல்லி சிரிக்கறாங்க. அழகே இல்லன்னா கண்ணாடி வழியா அரை மணி நேரம் எதைய்யா பாக்கறீங்க?

நியாயமா இன்னொரு பக்கமும் சொல்லணும். என் தம்பி கேட்டான், "அக்கா, செட்டுக்கு நடுவுல ரெண்டு நிமிஷம் ரெஸ்ட், சுத்தி எல்லாப் பக்கமும் கண்ணாடி, நான் எங்கதான் பாக்கறது? எதேச்சையா பட்டா கூட பொம்பளப் பொறுக்கின்னு நெனச்சிடுவீங்களோன்னு பயமா இருக்கு". அவன் சொல்றதும் சரிதான். ஆனா எதேச்சையா படற கண்ணு எப்படி இருக்கும், மேஞ்சிட்டுப் போற கண்ணு எப்படி இருக்கும்னு எங்களுக்கு எட்டாங்கிளாஸ்லேருந்தே தெரியும்டா. முதல் வகைய நாங்க கண்டுக்கறதே இல்ல. அப்புறம் பொண்ணுங்க எல்லாம் ஒழுங்குன்னும் சொல்ல மாட்டேன், லெக் பிரஸ்ல உக்காந்துக்கிட்டு இருபது நிமிஷம் சீரியல் கதை பேசற ரெண்டு அக்காங்கள ஒரு லீவு நாள்ல லேடீஸ் பேட்ச்ல பாத்தேன், "நடுவுல நான் ஒரு செட் போட்டுக்கட்டுமா"ன்னு கேட்டதுக்கு முறைச்சாங்க பாருங்க.

எப்படி உதவி பண்றதுன்னு தெரிஞ்ச ஒருத்தரும் அங்க வர்றாரு. அறுபது தாண்டின பெரியவர், வேட்டிய மடிச்சு பைல வெச்சிட்டு ட்ராக் பேண்ட்ல வருவாரு. ஒரு நாள் நான் பார்ல கிளிப் மாட்டாம தூக்கப் போனேன். ஆறடி தள்ளி நின்னு, "யம்மா, காலர் மாட்டிக்கோ, தட்டு சரிஞ்சா கால்ல உழுந்துடும்". அவ்ளோதான். நான் மாட்டினேனான்னு கூட திரும்பிப் பாக்கல, அவர் வேலைய பாக்கப் போயிட்டாரு. வெயிட்ட அவரு தட்டுன்னுதான் சொல்வாரு, எனக்கும் இப்ப தட்டுதான்.

அங்க ஒரு லேடி டிரெய்னரும் இருக்கா, மத்தியான பேட்ச்சுக்கு மட்டும். ஒரு லீவு நாள் கூட உக்காந்து டீ குடிச்சப்ப அவ சொன்ன கதைங்கள இங்க எழுத முடியாது, அவ வேலை போயிடும். பாதி கதை கஸ்டமர் இல்ல, கூட வேலை பாக்கறவங்க. அவ கிட்டதான் லீகல் அக்கா சொன்னத சொன்னேன். வேலை பாக்கற இடத்துல நடக்கற பாலியல் தொல்லைக்கு எதிரா 2013ல வந்த பாஷ் சட்டம் பெரிய கம்பெனிக்கு மட்டும் இல்ல, பத்து பேருக்குக் கம்மியா வேலை பாக்கற இடம்னா, இல்ல முதலாளி மேலயே புகார்னா, மாவட்ட அளவுல ஒரு லோக்கல் கமிட்டி இருக்கணும், அங்க மூணு மாசத்துக்குள்ள எழுதிக் குடுக்கலாம். அங்க வேலை பாக்கறவளா இருக்கணும்னு கூட இல்ல, அந்தச் சட்டப்படி வந்து போற பொண்ணும் புகார் குடுக்கலாம், ஸோ டிரெய்னர் ஒருத்தர் தப்பா நடந்தா மெம்பருக்கும் அது வழி. கலெக்டர் ஆபீஸ் எங்க சத்துவாச்சாரிலயேதான் இருக்கு, தினம் பஸ்ல தாண்டிப் போறேன், இது ஒண்ணும் தெரியாமயே இத்தனை வருஷம். அவ கேட்டுக்கிட்டா. "பாக்கலாம்க்கா"ன்னா. அந்தப் பாக்கலாமுக்கு என்ன அர்த்தம்னு எனக்கும் தெரியும், நான் மட்டும் என்ன ஸ்டேஷனுக்கா போனேன்? ஸ்க்ரீன்ஷாட் எடுத்து போன்ல வெச்சிருக்கேன், அவ்ளோதான்.

நான் பேட்ச் மாத்தல. ஓனர் கிட்ட திரும்பப் போய் ரெண்டு விஷயம் கேட்டேன். அந்த நோட்ட எடுங்க, டிரெய்னர் தவிர யாரும் யாரையும் கேக்காம திருத்தக் கூடாதுன்னு போர்டு வைங்க. போர்டு வெச்சா ஆம்பளைங்க கோச்சிப்பாங்களாம், அது முடியாதாம். நோட்டு மட்டும் போச்சு, இப்ப கைரேகை மெஷின். அதுவும் என் பேச்சக் கேட்டு இல்ல, பேக்கேஜ் முடிஞ்சவங்க பணம் கட்டாம உள்ள வர்றாங்கன்னு.

இப்ப ரெண்டு பக்கமும் பதினஞ்சு பதினஞ்சு, மொத்தம் அம்பது கிலோ. முதுகு வலி பெரும்பாலும் இல்ல, பஸ்ல ஆற்காடு தாண்டறப்ப பல்லக் கடிச்சிக்கிட்டு உக்காந்திருந்த காலம் போச்சு. அந்தக் காலேஜ் பொண்ணு இப்ப நான் வர்ற வரைக்கும் டிரெட்மில்ல நடக்கறா, என்னைப் பாத்ததும் இறங்கி ராக் பக்கம் வர்றா. ஒண்ணும் பேசிக்கறதில்ல, "அக்கா முடிச்சிட்டீங்களா", "இன்னும் ஒரு செட்", இவ்ளோதான் பேச்சு.

அவரும் வர்றாரு. தூரத்துலேருந்து தலைய ஆட்டுவாரு, நான் தட்டு எண்ணிட்டு இருப்பேன். ராக்குக்கு மேல இருக்கற ஃபேன் மட்டும் மூணு மாசமா ஓடல, கேட்டா ஆள் வர சொல்லியிருக்காங்களாம், சித்திரை பொறந்தாச்சு, காலைல ஆறு மணிக்கே வேர்த்து பார் கைய விட்டு வழுக்குது.