டிஸ்சார்ஜுக்குப் பிறகு: ஒரு பராமரிப்பு ஒருங்கிணைப்பாளரின் நாட்குறிப்பு

மார்ச் 3, திங்கள்

வார இறுதி டிஸ்சார்ஜ் பட்டியல் வந்துவிட்டது. திங்கட்கிழமைப் பட்டியல் எப்போதும் நீளம்தான். இரண்டு வேலை நாட்களுக்குள் எல்லோரிடமும் பேசியாக வேண்டும். யாரிடம் முதலில் பேசுவது என்பதை வயதை மட்டும் வைத்து முடிவு செய்தால் தவறிவிடும். இதயச் செயலிழப்பு, புதிதாகத் தொடங்கிய இன்சுலின், வார்ஃபரின் (ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை), தனியே வசிப்பவர், ஆறு மாதத்துக்குள் மறுபடி அட்மிட் ஆனவர்: இவர்கள் பட்டியலின் தலையில்.

"எப்படி இருக்கீங்க?" என்று கேட்டால் "பரவாயில்லை" என்றுதான் பதில் வரும். அதை வைத்து எதுவும் எழுத முடியாது. நேற்று ராத்திரி எத்தனை தலையணை வைத்துப் படுத்தீர்கள்? காலையில் போட்ட மாத்திரை அட்டையை எடுத்துப் பெயரை வாசியுங்கள். அடுத்து டாக்டரைப் பார்க்க வேண்டிய தேதி என்ன, யார் கூட்டிப்போகிறார்கள்? ராத்திரி மூச்சு முட்டினால் யாரைக் கூப்பிடுவீர்கள்? கடைசிக் கேள்விக்குத் தயங்கினால் அந்த வீட்டுக்கு இந்த வாரமே நேரில் போக வேண்டும்.

மார்ச் 4, செவ்வாய்

மருந்து ஒப்பீடு. அட்மிட் ஆவதற்கு முன்பிருந்த பட்டியல், டிஸ்சார்ஜ் சம்மரி, வீட்டு டப்பாவில் உண்மையில் கிடப்பது என மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்க வேண்டும். ஒவ்வொரு மருந்துக்கும் நேரே ஒரு சொல்: தொடர்கிறது, நின்றது, அளவு மாறியது, புதிது. நான்கில் எதுவும் எழுத முடியாவிட்டால் அதுவே டாக்டரிடம் கேட்க வேண்டிய கேள்வி.

அடிக்கடி அகப்படுபவை: ஒரே மருந்து இரண்டு கம்பெனிப் பெயரில். நிறுத்தச் சொன்ன மாத்திரை பழைய பையில் அப்படியே. முடிவுத் தேதி எழுதாத ஸ்டீராய்டு. ஐசியுவில் தொடங்கிய வயிற்று அமில மாத்திரை, காரணம் போன பிறகும் மாதக்கணக்கில். இவற்றைவிடக் கவலை தருவது சம்மரியில் இடமே பெறாத வலி மாத்திரை. ராமிப்ரில் வகை பி.பி. மாத்திரையும் நீர் மாத்திரையும் (சிறுநீரைக் கூட்டி உடம்பிலுள்ள நீரை இறக்குவது) எடுப்பவர், மூட்டுவலிக்கு இபுப்ரோஃபென் வாங்கிப் போட்டால் சிறுநீரகம் அடிவாங்கும். வயிற்றுப்போக்கும் சேர்ந்தால் இன்னும் சீக்கிரம். "வேறு மாத்திரை உண்டா?" என்று கேட்டால் இல்லை என்பார்கள். "வலி வந்தால் என்ன போடுவீங்க?" என்று கேட்டால்தான் வெளியே வரும்.

மருந்தை மாற்றும் அதிகாரம் நமக்கில்லை, கேட்பதுதான் வேலை. ஒரு செய்தியில் ஒரே கேள்வி. "ஃப்யூரோசமைட் (நீர் மாத்திரை) 40 மி.கி., சம்மரியில் காலை மட்டும். வீட்டில் காலை, மதியம் இருவேளையும் போடுகிறார். உட்கார்ந்திருந்தபோது மேல் பி.பி. 118, எழுந்து நின்றதும் 94, தலைசுற்றல் உண்டு. எந்த அளவு சரி? இன்று மாலை 4 மணிக்குள் பதில் தேவை." நின்றதும் மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 குறைந்தால் அது பொருட்படுத்த வேண்டிய இறக்கம். "மருந்தில் சற்றுக் குழப்பம், பார்க்கவும்" என்று எழுதினால் பார்க்க மாட்டார்கள்.

மார்ச் 6, வியாழன்

எடைக் குறிப்பு. எழுந்து சிறுநீர் போன பின், சாப்பிடும் முன், அதே தராசில், ஏறக்குறைய அதே உடையில். தராசு கெட்டித் தரையில் இருக்க வேண்டும், விரிப்பின் மேல் வைத்தால் எண் அலையும். இதயச் செயலிழப்பு உள்ளவருக்கு மூன்று நாளில் 2 கிலோவுக்கு மேல் ஏறினால் அன்றே அழைப்பு; டாக்டர் வேறு எல்லை தந்திருந்தால் அது. "இப்பதான் நல்லா சாப்பிடுறார்" என்று வீட்டில் சந்தோஷப்படும் கட்டத்தில்தான் நீர் கோத்துக்கொண்டிருக்கும்.

மார்ச் 7, வெள்ளி

ரெஃபரல் ஷீட், அதாவது வேறு டாக்டரிடம் அனுப்பியவர்களைக் கண்காணிக்கும் தாள். ஏழு பத்திகள்: அனுப்பிய தேதி, அவர்களுக்குக் கிடைத்ததா, நாள் குறித்தார்களா, நோயாளிக்குத் தெரியுமா, போனாரா, அறிக்கை வந்ததா, அதை டாக்டர் பார்த்தாரா. பல இடங்களில் முதல் பத்தி நிரம்பியதுமே "முடிந்தது" என்று கணக்கு வைக்கிறார்கள். எனக்கு அது வெறும் தபால் வேலை.

சிக்குவது பெரும்பாலும் இரண்டாவதிலும் ஆறாவதிலும். ஒரு ரத்தப் பரிசோதனை இணைக்கவில்லை என்று திருப்பி அனுப்புவார்கள். அந்தப் பதில் போவதோ வார்டு மாறிப்போன டாக்டருக்கு. அல்லது புதிய நம்பரிலிருந்து அழைப்பு வரும், நோயாளி எடுக்க மாட்டார், கேஸை மூடிவிடுவார்கள். இதற்கு ரெஃபரலிலேயே இரண்டாவது தொடர்பு எண்ணாக ஒருங்கிணைப்பாளர் எண்ணைப் போட்டுவிடுவதே வழி.

"வரவில்லை" என்று ஒரு சொல்லோடு விடக் கூடாது. டயாலிசிஸ் நாளும் அதுவும் ஒன்றா, வண்டி இல்லையா, கூட வர ஆளில்லையா என்று எழுதாவிட்டால் அடுத்த தேதியும் வீண்.

மார்ச் 11, செவ்வாய்

இன்சுலின் பேனா. "புரிஞ்சுதா?" என்று கேட்டுப் பயனில்லை, கையில் கொடுத்துச் செய்துகாட்டச் சொல்ல வேண்டும். சர்க்கரை இறங்காததற்கு ஒரு காரணம் ஊசியின் உள்மூடி. சாதாரண பேனா ஊசிக்கு இரண்டு மூடி. வெளிமூடியை மட்டும் கழற்றிவிட்டு உள்மூடியோடு வயிற்றில் அழுத்துவார்கள். பேனாவில் அளவு காட்டும் எண் பூஜ்யத்துக்கு வரும், மருந்து உடம்புக்குள் போயிருக்காது. ஆஸ்பத்திரியில் நர்ஸ் போடும் பாதுகாப்பு ஊசியில் கழற்ற வேண்டிய உள்மூடி இராது; அதைப் பார்த்துப் பழகியவர் வீட்டில் அப்படியே செய்வார். இது தெரியாமல் அளவைக் கூட்டிக்கொண்டே போனால், என்றைக்கு மூடியைச் சரியாகக் கழற்றுகிறாரோ அன்று தாழ்சர்க்கரை.

ஆகவே அளவைக் கூட்டச் சொல்லிக் கேட்பதற்கு முன் பார்க்க வேண்டியவை: உள்மூடி, 2 யூனிட் வெளியே தள்ளித் துளி வருகிறதா என்ற சோதனை, அழுத்திய பின் பத்து எண்ணும்வரை ஊசியை எடுக்காமல் இருப்பது, ஒரே இடத்தில் குத்தித் தோல் கட்டிப்போயிருக்கிறதா, பேனா ஃப்ரீசரில் உறைந்ததா. உறைந்திருந்தால் குப்பைக்கு. ரத்தச் சர்க்கரை 70-க்குக் கீழே போனால் 15 கிராம் குளுக்கோஸ், 15 நிமிடம் கழித்து மறுபடி சோதனை. நினைவு தப்பியவர் வாயில் எதுவும் ஊற்றக் கூடாது, ஆம்புலன்ஸ்தான்.

மார்ச் 14, வெள்ளி

பராமரிப்பவரிடம் தனியாகப் பேச வேண்டும். நோயாளி எதிரில் "எனக்கென்ன கஷ்டம்" என்பார்கள். ராத்திரி எத்தனை தடவை எழுகிறீர்கள், உங்கள் மாத்திரையை நீங்கள் போடுகிறீர்களா, நீங்கள் படுத்துவிட்டால் யார்? மூன்றாவதற்குப் பதில் இல்லையென்றால் அதையும் கேஸ் குறிப்பில் ஆபத்தாகவே பதிய வேண்டும்.

அடுத்த வாரம் கேஸ்களைப் பார்ப்பவருக்கு விட்டுப்போகும் குறிப்பு, ஆளுக்கு மூன்று வரி: எதற்குக் காத்திருக்கிறோம், யாரிடமிருந்து, எந்தத் தேதிக்குள் வராவிட்டால் யாரைக் கூப்பிட வேண்டும். "ஃபாலோ-அப் செய்யவும்" என்று மட்டும் எழுதியிருந்த இரண்டு வரிகளைத் திருத்தியாயிற்று.