‘ஹாக்கர்’ என்ற சொல்லை எப்படிப் படிப்பது?

ஆங்கிலப் பாடத்தை முதன்மையாக எடுத்து ஆசிரியர் தேர்வுக்கோ கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான நெட் தேர்வுக்கோ படிப்பவர்கள், தெருவில் கூவி விற்பவரைக் குறிக்கும் ‘ஹாக்கர்’ என்ற சொல்லுக்கு அரைமணி நேரம் ஒதுக்கலாம். சொல்லாக்கம், ஒலி ஒன்று பொருள் வேறு, ஒருசொல் விடை (விளக்கத்துக்கு ஏற்ற ஒரே சொல்லைத் தருவது) ஆகிய மூன்று பகுதிகளுக்கும் அது உதவும்.

பலரும் தவறுவது வேரில். பருந்து இனப் பறவைக்கும் ‘ஹாக்’ என்றே பெயர். அது வட்டமிட்டு இரை தேடுவதுபோல வியாபாரியும் தெருவைச் சுற்றுகிறார் என்று எழுதிவிடுகிறார்கள். கேட்க அழகாக இருந்தாலும் தவறு. பறவையின் பெயர் பழைய ஆங்கிலத்திலேயே ‘ஹஃபோக்’ என்று இருந்தது. விற்பவரின் பெயர் 16ஆம் நூற்றாண்டில் வட ஜெர்மனியில் வழங்கிய லோ ஜெர்மன் மொழியின் ‘ஹோக்கர்’ வழியாக வந்தது. தொண்டையைக் காறுவதைக் குறிக்கும் ‘ஹாக்’ ஒலிக்குறிப்பில் பிறந்த மூன்றாவது சொல். அகராதியைத் திறந்தால் மூன்றும் 1, 2, 3 என்று தனித்தனிப் பதிவாக இருக்கும். தனிப் பதிவு என்றால் ஹோமோனிமி, அதாவது ஒலி ஒன்றான வெவ்வேறு சொற்கள். ஒரே பதிவுக்குள் பல பொருள் என்றால் பாலிசெமி, அதாவது ஒரே சொல்லின் பல பொருள்கள். இந்த அடையாளம் போதும்.

அடுத்தது சொல்லாக்கம். ‘டீச்’ என்ற வினையிலிருந்து ‘டீச்சர்’ வந்ததுபோல ‘ஹாக்’கிலிருந்து ‘ஹாக்கர்’ வந்ததென்று தோன்றும். நடந்தது தலைகீழ்: ஆளைக் குறிக்கும் பெயர் முதலில், அதன் வாலை நறுக்கி வினை பிறகு. இதுதான் பேக் ஃபார்மேஷன். எடிட்டர்–எடிட், பர்க்ளர் (வீடு புகுந்து திருடுபவர்)–பர்கிள், பெட்லர் (சுற்றித் திரிந்து விற்பவர்)–பெடில் எல்லாம் இதே வகை. பெட்லரைப் பாதம் என்னும் லத்தீன் வேரோடு இணைக்காதீர்கள்; கூடையைக் குறித்த ‘பெட்’ என்ற பழஞ்சொல்லோடு தொடர்புடையதாகவே அகராதிகள் காட்டுகின்றன. சைக்கிள் பெடலும் விற்கும் பெடிலும் ஒலியில் ஒன்றே; விற்பதில் ‘டி’ இரண்டு.

விற்பவரைக் குறிக்கும் இன்னொரு சொல்லிலும் வேர் ஏமாற்றும்: லண்டனில் பழம் விற்றவர் காஸ்டர்மாங்கர். காஸ்டர்ட் என்பது ஒருவகைப் பெரிய ஆப்பிள். மாங்கர் என்ற பாதி, வியாபாரி என்று பொருள்படும் ‘மாங்கோ’ என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. இதற்கும் மாம்பழத்துக்கும் உறவே இல்லை; பழத்தின் ஆங்கிலப் பெயர் போர்ச்சுகீசியர் வழியாக நம் மாங்காய், மலையாள மாங்ஙா பக்கமிருந்து போனது.

ஒருசொல் விடையில் ஹாக்கரும் பெட்லரும் சேர்ந்து வந்தால் திணறுவார்கள். பிரிட்டனின் 1871ஆம் ஆண்டுச் சட்டம் குதிரையோ வேறு சுமைவிலங்கோ இல்லாமல் நடந்து விற்பவரைப் பெட்லர் என்றது. 1888ஆம் ஆண்டுச் சட்டம் அவற்றோடு போய் விற்பவரை ஹாக்கர் என்றது. இந்தியாவின் 2014 தெரு வியாபாரிகள் சட்டமோ இருவரையும் ‘ஸ்ட்ரீட் வெண்டர்’ என்ற ஒரே சொல்லில் அடக்கிவிட்டது. சிங்கப்பூரில் ஹாக்கர் ஓரிடத்தில் கடை போட்டு உணவு விற்பவர். ஆகவே வினாவில் எந்த நாடு, எந்தக் காலம் என்று பார்த்துவிட்டு விடையைத் தொடுங்கள்.

வினையாக வரும்போது தொனியையும் கவனிக்க வேண்டும். போதைப்பொருள், வதந்தி, பொய் ஆகியவற்றோடு ‘பெடில்’ சேரும். அந்த இடத்தில் விற்பதைக் குறிக்கும் பொதுச்சொல்லான ‘செல்’ என்று போட்டால் பழிக்கும் தொனி போய்விடும்.