வெள்ளைக் காரின் செம்புள்ளிகளும் க்ளே பாரும்

மூன்று ஆண்டுகளாகத் திங்கள் முதல் வெள்ளி வரை என் கார் காட்பாடி ரயில் நிலையத்துக்கு அருகே, தண்டவாளத்தை ஒட்டிய மதில் ஓரமாகத்தான் நின்றுகொண்டிருந்தது. காலையில் காரை அங்கே நிறுத்திவிட்டுச் சென்னைக்கு ரயிலேறுவதும், இரவு திரும்பி வந்து அதை எடுத்துக்கொண்டு விருதம்பட்டில் உள்ள வீட்டுக்குப் போவதும் என் அன்றாட வழக்கம். சென்னை, ஜோலார்பேட்டை, திருப்பதி, விழுப்புரம் என நான்கு பக்கத்துப் பாதைகளும் கூடுகிற சந்திப்பு அது. வண்டிகள் பிரேக் பிடித்து நிற்பதும் மறுபடி கிளம்புவதுமாக இரவு பகல் ஓய்வு இருக்காது. அந்த மதிலோர நிழல் என் காரை என்ன செய்துகொண்டிருந்தது என்பது சென்ற ஆண்டு பொங்கலுக்கு அதைக் கழுவித் துடைத்து வெயிலில் நிறுத்தியபோதுதான் தெரிந்தது. பானட்டிலும் கூரையிலும், ஊசி முனையால் குத்தி எடுத்ததைப் போல, நூற்றுக்கணக்கான செம்பழுப்புப் புள்ளிகள் இருந்தன. ஷாம்பூ போட்டு மறுபடி தேய்த்தும் ஒன்றுகூட அசையவில்லை.

வாட்டர் சர்வீஸ் செய்யும் ஓர் இடத்தில் காட்டினேன். ரப்பிங் போட்டால், அதாவது தேய்ப்புப் பசை வைத்துத் தேய்த்தால், போய்விடும் என்று சொல்லி, மெஷின் வைத்து அரை மணி நேரத்தில் பளபளவென்று ஆக்கிக் கொடுத்தார்கள். புள்ளிகள் மறைந்தன, நானும் நிம்மதி அடைந்தேன். இரண்டு மாதம் கழித்துப் பார்த்தால், அதே இடங்களில் அதே புள்ளிகள், இம்முறை ஒவ்வொன்றையும் சுற்றி மெல்லிய மஞ்சள் வளையத்தோடு வந்திருந்தன. சித்தூர் சாலையில் டிங்கரிங், பெயின்டிங் பட்டறை வைத்திருக்கும் பெரியவர் ஒருவரிடம் போனேன். அவர் பானட்டைக் கண்ணால் பார்ப்பதற்கு முன்பே உள்ளங்கையால் தடவினார். “தம்பி, இது அழுக்கு இல்ல, இரும்பு. ரப்பிங் போட்டா தலைதான் போவும், வேரு உள்ளயே இருக்கும்” என்றார்.

அவர் சொன்னது முழுக்க உண்மை. ரயிலின் சக்கரமும் தண்டவாளமும் உரசும்போதும் பிரேக் பிடிக்கும்போதும் நுண்ணிய இரும்புத் துகள்கள் தெறிக்கின்றன. அவை காரின் மேற்பரப்பில் விழுந்து, பெயின்டுக்கு மேல் பூசப்பட்டிருக்கும் கண்ணாடி போன்ற க்ளியர் கோட்டில் பதிந்துகொள்கின்றன. பனியும் மழையும் பட்டவுடன் துகள் துருப்பிடிக்கிறது. துருப்பிடித்த இரும்பு முன்பைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்வதால் பதிந்த இடத்தை மேலும் நெருக்குகிறது. புதுக் கார்களை ரயிலில் ஏற்றி ஊர் ஊராக அனுப்பும் நாடுகளில் இந்தத் தொல்லை பழையது. அங்கே இதற்கு ‘ரயில் டஸ்ட்’ என்றே பெயர்.

தொழிற்சாலையில் பூசப்படும் பெயின்ட், எல்லா அடுக்குகளையும் சேர்த்தே ஏறக்குறைய 100 முதல் 150 மைக்ரான் கனம்தான் இருக்கும். அதில் க்ளியர் கோட் 40, 50 மைக்ரான் அளவே. ஒரு தலைமுடியின் கனத்தைவிடவும் குறைவான அந்த அடுக்குதான் வெயிலிலிருந்தும் மழையிலிருந்தும் காரின் நிறத்தைக் காக்கிறது. ஒட்டியிருக்கும் ஒரு துகளுக்காகச் சுற்றியுள்ள க்ளியர் கோட்டையே சுரண்டி எடுப்பதுதான் ரப்பிங். வேலூர் வெயிலில் நிற்கும் காருக்கு அந்த இழப்பு சிறியது அல்ல என்பது என் உறுதியான எண்ணம்.

பெரியவர் கைகாட்டிய பொருள்தான் க்ளே பார். க்ளே என்றால் களிமண் என்று பொருளானாலும், இதில் பாலாற்றங்கரைக் களிமண்ணைப் போன்ற மண் எதுவும் கிடையாது. பிசைந்தால் வளைந்துகொடுக்கும் செயற்கை ரெசினில், மிக நுண்ணிய தேய்ப்புத் தூளைக் கலந்து செய்தது இது. ஜப்பானைச் சேர்ந்த தடாவோ கொடாட்டே என்பவர் இதற்கு 1995இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றார். அந்த ஆவணத்தில் இதற்கு அவர் வைத்த பெயர், ‘வளைந்துகொடுக்கும் சாணைக்கல்’ என்று பொருள்படுவது. அந்தப் பெயரை மனத்தில் வைத்துக்கொண்டால் இதை எப்படிக் கையாள வேண்டும் என்பது பாதி விளங்கிவிடும். வழுக்கும் ஈரத்தின் மேல் மிதந்து செல்லும்போது, மேற்பரப்பிலிருந்து துருத்திக்கொண்டிருப்பதை மட்டும் இது பற்றி இழுத்துத் தன்னுள் புதைத்துக்கொள்கிறது. ஈரம் வற்றினால், பெயரில் உள்ள சாணைக்கல் தன் வேலையைப் பெயின்டிலேயே காட்டிவிடும்.

காருக்கு இது தேவையா என்பதை அறிய எளிய வழி ஒன்று உண்டு. காரைக் கழுவித் துடைத்த பிறகு, மெல்லிய பிளாஸ்டிக் கவர் ஒன்றைக் கையில் மாட்டிக்கொண்டு விரல் நுனிகளால் பானட்டை லேசாகத் தடவ வேண்டும். வெறுங்கைக்கு வழவழப்பாகத் தெரிந்த இடம், கவர் வழியே மணல்தாளைப் போலச் சொரசொரப்பதை உணரலாம். என் காரின் கூரையைத் தடவியபோது ரவையைத் தூவிய தாம்பாளத்தைத் தொடுவது போலிருந்தது. ஆனால், கதவுகளின் கீழ்ப்பாதி பெரும்பாலும் வழவழப்பாகவே இருந்தது. மேலிருந்து விழும் தூள் கிடைமட்டமான பகுதிகளில்தான் தங்குகிறது என்பதால், கார் முழுவதையும் ஒரே அளவில் தேய்க்க வேண்டிய அவசியம் இல்லை.

பங்குனி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், காலை ஆறு மணிக்கே தொடங்கினேன். வெயில் ஏறிய பின் தகடு சூடாகிவிடும், தண்ணீர் நொடியில் காய்ந்துவிடும், க்ளேயும் இளகி ஒட்டிக்கொள்ளும் என்பதால் நம் ஊரில் இந்த வேலைக்கு விடியற்காலைதான் பொருத்தம். முதலில் வழக்கம்போலக் கழுவினேன். பிறகு, இரும்பைக் கரைக்கும் திரவத்தைத் தெளித்தேன். தயோகிளைகோலேட் என்ற உப்பு சேர்ந்த திரவம் அது. அழுகிய முட்டையை நினைவூட்டும் வாடை உடையது. சில நிமிடங்களில், வெள்ளைப் பானட்டில் ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் நாவற்பழச் சாறு கசிவதுபோல ஊதா நிறம் கோடுகோடாக வழியத் தொடங்கியது. ஆழத்தில் பதிந்த இரும்பை, அதாவது பெரியவர் சொன்ன வேரை, இளக்குவது இதுதான். இதைச் செய்யாமல் க்ளேயை மட்டும் தேய்த்தால், ரப்பிங்கைப் போலவே தலை போய் வேர் நிற்கக்கூடும். திரவம் காய்வதற்குள் நன்றாக அலசிவிட வேண்டும்.

அடுத்து க்ளே. கட்டியில் கால் பங்கை வெட்டி, வெதுவெதுப்பான நீரில் சற்றுப் போட்டு எடுத்து, மூன்று விரல் அகலத்துக்கு அடை போலத் தட்டிக்கொண்டேன். இரண்டடிக்கு இரண்டடி அளவு இடத்தில், அதற்கென விற்கும் வழுக்குத் திரவத்தைத் தாராளமாகத் தெளித்து, அழுத்தமே கொடுக்காமல் நேர்கோட்டில் முன்னும் பின்னுமாக ஓட்டினேன். வட்டமாகத் தேய்க்கக் கூடாது. தவறிக் கீறல் விழுந்தாலும் வட்டக் கீறல் வெயிலில் எல்லாப் பக்கமும் மின்னும். முதல் நான்கைந்து இழுப்புகளில் விரலடியில் கரகரவென்ற தடை தெரிந்தது. காதிலும் மெல்லிய உரசல் கேட்டது. பத்தாவது இழுப்புக்குள் தடை விலகி, எண்ணெய் தடவிய கல்லில் விரல் வழுக்குவதுபோல ஓசையில்லாமல் நழுவியது. திருப்பிப் பார்த்தால், சாம்பல் நிறக் க்ளேயின் முகத்தில் செம்பழுப்புக் கோடுகள் படிந்திருந்தன. அந்த முகத்தை உள்ளே மடித்துப் பிசைந்து, புதிய முகத்தை எடுத்துக்கொண்டு அடுத்த இடத்துக்குப் போனேன்.

இடப்பக்க முன்கதவுக்கு வந்தபோது க்ளேத் துண்டு கைநழுவித் தரையில் விழுந்தது. தண்ணீரில் அலசினால் போதும் என்று எண்ணி அதையே மறுபடி பயன்படுத்தினேன். தரை மணல் ஓரிரண்டு அதற்குள் புதைந்திருந்ததை என் கண் பார்க்கவில்லை, கதவு பார்த்துவிட்டது. ஒரு சாண் நீளத்துக்கு நான்கு மெல்லிய கோடுகள் விழுந்துவிட்டன. கீழே விழுந்த க்ளேயை அந்தக் கணமே குப்பையில் போட்டுவிட வேண்டும். கட்டியைச் சிறு துண்டுகளாக வெட்டிப் பயன்படுத்தச் சொல்வதும் இதற்காகத்தான். விழுந்தால் கால் பங்கோடு நஷ்டம் முடிந்துவிடும்.

க்ளே எல்லாவற்றையும் எடுத்துவிடும் என்றும் நம்பக் கூடாது. எங்கள் தெரு போர்வெல் தண்ணீர் உப்புத் தண்ணீர். அது காய்ந்து படிந்த வெள்ளைத் திட்டுகளில் மேலாக இருந்தவை போயின, ஊறி அரித்தவை அப்படியே நின்றன. புதிய சுண்ணாம்புப் படிவுக்கு நீர் கலந்த வினிகரைத் துணியில் நனைத்துத் துடைத்து, உடனே நல்ல நீரால் அலசுவதே நன்று. முன்கண்ணாடிக்குக் க்ளே அருமையாக உதவியது. வைப்பர் கரகரப்பது அன்றோடு நின்றது. பளபளப்பில்லாத மேட் பெயின்ட் அடித்த வண்டிகளில் மட்டும் இதைத் தொடவே கூடாது.

வேலை முடிந்ததும் பெயின்ட் மேல் ஒரு பாதுகாப்பும் இருக்காது. முன்பு இருந்த வாக்ஸ் என்ற மெழுகுப் பூச்சையும் க்ளே துடைத்தெடுத்துவிடும். எனவே, அன்றே வாக்ஸ் போட வேண்டும். கதவின் கோடுகளைக் கையாலேயே மென்மையான பாலிஷ் கொண்டு குறைத்துவிட்டு, நானும் அன்று பகலுக்குள் வாக்ஸ் போட்டு முடித்தேன்.

காரை இப்போது மதிலோரத்திலிருந்து மாற்றி, நிலையத்திலிருந்து சற்றுத் தள்ளியே நிறுத்துகிறேன். ஐந்து நிமிடம் கூடுதலாக நடக்க வேண்டியிருக்கிறது. மாதம் ஒருமுறை கழுவிய பின், கையில் பிளாஸ்டிக் கவரை மாட்டிக் கூரையைத் தடவிப் பார்க்கிறேன். ஓராண்டு தாண்டியும் பானட் வழவழப்பாகவே இருக்கிறது. கூரையின் பின்பகுதியில் மட்டும் லேசான சொரசொரப்பு தொடங்கியிருக்கிறது. மீதமிருக்கும் அரைக் கட்டியை, வழுக்குத் திரவம் சிறிது தெளித்து, மூடி இறுகிய டப்பாவில் வைத்திருக்கிறேன். ஐப்பசி மழை ஓய்ந்ததும் அதற்கு வேலை வரும்.