நான் தூங்கினேனா என்று என்னைக் கேட்காதீர்கள்

சிங்கப்பூரில் தினமும் ஈசூனில் ரயில் ஏறி ராஃபிள்ஸ் பிளேசில் இறங்க வேண்டிய நான், சென்ற ஆண்டு ஒரே மாதத்தில் நான்கு முறை கடைசி நிலையமான மரினா சவுத் பியர் வரை போய்த் திரும்பினேன். உட்கார இடம் கிடைத்தால் பீஷான் வருவதற்குள் கண் சொருகிவிடும். விழித்துப் பார்த்தால் பெட்டி காலியாக இருக்கும். இரவு பத்தரை மணிக்குப் படுத்துக் காலை ஐந்தரை மணிக்கு எழுகிறவள் நான். ஏழு மணி நேரம் படுக்கையில் கிடந்தும் தூங்கியதாகவே தோன்றாது. எழும்போதே நெற்றியில் தலைவலி இருக்கும். இரவில் மூன்று முறை சிறுநீர் கழிக்க எழுந்ததால் நீரிழிவோ என்று பயந்து இரத்தப் பரிசோதனையும் செய்துகொண்டேன். சர்க்கரை சரியாகவே இருந்தது. பகலில் பால் சேர்க்காத கோப்பி ஓ நான்கு குடித்துத்தான் கணக்கேடுகளைப் பார்த்து முடிப்பேன்.

எனக்கு வயது 53. வழக்கமாகப் போகும் மருத்துவர் இரண்டு முறையும், மாதவிடாய் நின்ற வயதில் இப்படித்தான் இருக்கும், மன உளைச்சலும் காரணமாக இருக்கலாம் என்று சொல்லித் தூக்க மாத்திரை எழுதிக்கொடுத்தார். அவரை நான் முழுதாகக் குறை சொல்ல முடியாது. குறட்டை விடுவதை அவரிடம் நான் சொல்லவேயில்லை. பெண் குறட்டை விடுகிறாள் என்பது நம் வீடுகளில் வெளியே சொல்லக் கூச்சப்படும் விஷயம். என் கணவர் ஓராண்டாக வரவேற்பறையில் பாய் விரித்துப் படுத்தபோது, அறையில் புழுக்கம் என்றுதான் பிள்ளைகளிடம் சொல்லிவைத்திருந்தோம்.

ஒருநாள் இரவு அவர் கைப்பேசியில் பதிவு செய்துவைத்ததைப் பல வாரங்கள் கேட்க மறுத்து, கடைசியில் சமையலறையில் நின்றபடி கேட்டேன். குறட்டை நான் எதிர்பார்த்ததுதான். எதிர்பாராதது அதன் நடுவே வந்த அமைதி. சத்தம் சட்டென்று நின்றுபோக, மின்விசிறியின் ஓசை மட்டும் கேட்கிறது. அவர் மெல்ல எண்ணுவது கேட்கிறது, முப்பதைத் தாண்டுகிறார். பிறகு தண்ணீரிலிருந்து தலையைத் தூக்கியவளைப் போல ஒரு பெரும் மூச்சு, மீண்டும் குறட்டை. “குறட்டைச் சத்தத்துக்காகத்தான் நான் ஹால்ல போய்ப் படுத்தேன்னு நெனச்சியா? பக்கத்துல படுத்தா எண்ணிக்கிட்டே இருக்க வேண்டியதா இருக்கு, அதான்” என்றார்.

மறுவாரமே அரசாங்கப் பலதுறை மருந்தகத்துக்குச் சென்று, அங்கிருந்து ஒரு மருத்துவமனையின் தூக்கச் சிகிச்சைப் பிரிவுக்குப் பரிந்துரைக் கடிதம் வாங்கினேன். நேராகத் தனியார் மருத்துவரிடம் போயிருந்தால் நாள் மிச்சமாகியிருக்கும். ஆனால் பலதுறை மருந்தகம் வழியாகச் சென்றால் உதவித்தொகை கழித்த கட்டணம் கிடைக்கும். தூக்கச் சிகிச்சைப் பிரிவில் கழுத்தின் சுற்றளவை அளந்தார்கள், வாயைத் திறக்கச் சொல்லி உள்நாக்கு தெரிகிறதா என்று பார்த்தார்கள், பிறகு ஒரு கேள்வித்தாளைக் கொடுத்தார்கள். மெல்பர்ன் மருத்துவர் மரி ஜான்ஸ் 1991இல் வெளியிட்ட எப்வொர்த் அளவுகோல் அது. படிக்கும்போது, தொலைக்காட்சி பார்க்கும்போது, மதிய உணவுக்குப் பிறகு அமைதியாக உட்கார்ந்திருக்கும்போது என எட்டுச் சூழல்களில் கண் அசருமா என்று கேட்டு, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண் போடச் சொல்கிறது. பத்துக்கு மேல் போனால் பகல் தூக்கம் மிகுதி என்று பொருள். எனக்கு 16 வந்தது. போக்குவரத்தில் நிற்கும் காரில் எப்படி என்பது கடைசிக் கேள்வி. காரே இல்லாத நான் பேருந்தை நினைத்துக்கொண்டு விடை எழுதினேன்.

மருத்துவமனையில் ஓர் இரவு தூங்கவைத்து, தூக்கத்தைப் பதிவு செய்யும் பரிசோதனைக்குச் சில வாரங்கள் காத்திருக்க வேண்டியிருந்தது. அதற்கான நாளில் இரவு எட்டு மணிக்குப் போனேன். முதல் கேள்வியே, “ஆன்டி, முடியில எண்ணெய் வைக்கலதானே?” என்பதுதான். தமிழ் பேசத் தெரிந்த இளம் தொழில்நுட்பர் அவர். தேங்காய் எண்ணெய் தடவிய தலையில் மின்முனைகள் ஒட்டாது. ஒரு வாரமாகத் தலை வறண்டு கிடந்ததற்கு அன்றுதான் பயன் கிடைத்தது. மூக்கின் வேரிலிருந்து பின்தலையின் எலும்பு மேடு வரை அளவுநாடாவால் அளந்து, சிவப்புப் பென்சிலால் புள்ளிகள் வைத்து, ஒவ்வொரு புள்ளியிலும் தலைமுடியை வகிர்ந்து பசையோடு மின்முனையைப் பதித்தார். பட்டுப்புடவைக்கு மடிப்பு எடுப்பவரின் பொறுமை அவருக்கு. மூளையின் மின்னலைகளுக்குத் தலையில் சில, கண் அசைவுக்குக் கண்ணோரம் இரண்டு, தசை இறுக்கத்துக்கு மோவாயிலும் கால்களிலும் சில, மூச்சுக்கு மூக்கில் ஒரு மெல்லிய குழாய், மார்பிலும் வயிற்றிலும் ஒவ்வொரு பட்டை, இரத்தத்தின் ஆக்சிஜன் அளவுக்கு விரலில் ஒரு கவ்வி. எல்லா வயர்களும் கழுத்தருகே ஒரு சிறு பெட்டியில் வந்து சேர்ந்தன. கழிப்பறைக்குப் போகும்போது அந்தப் பெட்டியை மட்டும் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு போகலாம்.

விளக்கணைத்த பிறகு ஒலிபெருக்கியில் அவர் குரல் வந்தது: கண்ணை இடமும் வலமும் ஓட்டுங்கள், ஐந்து முறை இமையுங்கள், பல்லைக் கடியுங்கள், இடது பாதத்தை அசையுங்கள். ஒவ்வொரு கருவியும் சரியாக வேலை செய்கிறதா என்று பார்ப்பதற்கான ஒத்திகை அது. அதற்குப் பிறகு எனக்குத் தூக்கமே வரவில்லை என்றுதான் நினைத்தேன். குளிரூட்டியின் சத்தம், நடைவழியில் யாரோ நடக்கும் காலடி, கன்னத்தில் இழுக்கும் ஒட்டுநாடா என்று எல்லாம் தெரிந்துகொண்டே இருந்தன. புது இடத்தில் முதல் இரவு அப்படித்தான் இருக்கும். அமெரிக்காவின் பிரௌன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016இல் வெளியிட்ட ஆய்வில், புது இடத்தில் தூங்குகிறவரின் மூளையில் இடப்பாதி வலப்பாதியை விடக் குறைந்த ஆழத்தில் தூங்கி, ஓசைகளுக்குக் காவல் இருப்பதைக் கண்டார்கள். காலையில் வயர்களைக் கழற்றியபோது, இரண்டு மணி நேரம் தூங்கியிருந்தால் அதிகம், பரிசோதனை வீணாகிவிட்டது என்று அவரிடம் வருத்தப்பட்டேன். அவர் சிரித்தாரே தவிர, ஒன்றும் சொல்லவில்லை.

இரண்டு வாரம் கழித்து மருத்துவர் திரையைத் திருப்பிக் காட்டினார். எனக்கு இருந்தது தூக்கத்தில் மூச்சு தடைபடும் நோய். நான் தூங்கியது 5 மணி 40 நிமிடம். மூச்சு நின்றதும் வெகுவாகக் குறைந்ததுமாக 193 முறை, அதாவது மணிக்கு 34. பத்து நொடியாவது நீடித்தால்தான் ஒன்று என்று எண்ணுவார்கள். மணிக்கு ஐந்துக்குக் கீழ் இருந்தால் இயல்பு, முப்பதும் அதற்கு மேலும் கடுமை. ஆக நீளமான தடை 48 நொடி. ஆக்சிஜன் ஒரு கட்டத்தில் 78 விழுக்காட்டுக்கு இறங்கியிருந்தது.

அந்த எண்களை விட என்னை உலுக்கியது திரையில் ஓடிய கோடுகள். தூங்கும்போது தொண்டையின் தசைகள் தளர்ந்து மூச்சுவழி ஒட்டிக்கொள்கிறது. மார்பும் வயிறும் மூச்சுக்காகப் போராடுகின்றன, ஆனால் மூக்கின் கோடு தட்டையாகக் கிடக்கிறது. இரத்தத்தில் கரியமில வாயு ஏறுவதையும் ஆக்சிஜன் இறங்குவதையும் கழுத்துத் தமனியிலும் மூளைத்தண்டிலும் உள்ள உணரிகள் கண்டுபிடித்து எச்சரிக்கின்றன. மூளை சில நொடி விழித்து, தொண்டையைத் திறந்து, மீண்டும் தூங்கிவிடுகிறது. அந்த விழிப்பு நினைவில் பதிய அவகாசமே இல்லை. அந்த இரவில் இரு முறை எழுந்ததாகத்தான் எனக்கு நினைவு. ஏறக்குறைய 200 முறை என் மூளை எனக்குத் தெரியாமல் எழுந்து என்னைக் காப்பாற்றியிருக்கிறது. தூங்கிய நேரத்தை விழித்திருந்ததாகவும், விழித்த தருணங்களைத் தூங்கியதாகவும் நான் நம்பியிருக்கிறேன். ஆழ்ந்த தூக்கம் ஆறு விழுக்காடு மட்டுமே. முடிச்சுகள் ஒவ்வொன்றாக அவிழ்ந்தன. அடைபட்ட மூச்சை இழுக்கும்போது மார்புக்குள் அழுத்தம் குறைந்து இதயத்தின் மேலறை விரிய, உடலில் நீர் மிகுந்துவிட்டதாக எண்ணி இதயம் சிறுநீரைக் கூட்டும் சுரப்பை விடுகிறதாம். இரவில் மூன்று முறை எழுந்தது அதனால்தான். கனவுத் தூக்கத்தில், அதாவது 1953இல் சிகாகோவில் அசெரின்ஸ்கி, கிளைட்மன் என்ற ஆய்வாளர்கள் விவரித்த விரைவுக் கண்ணசைவு நிலையில், உதரவிதானமும் கண் தசைகளும் தவிர மற்ற தசைகள் பெரும்பாலும் செயலிழந்துவிடுகின்றன. அந்த நிலை விடியலை நெருங்க நெருங்க நீளும். என் மோசமான தடைகள் எல்லாம் நான்கு மணிக்கு மேல் வந்ததற்கும், தலைவலியோடு எழுந்ததற்கும் அதுதான் காரணம்.

மாதவிடாய் நின்ற வயதைக் குறை சொன்ன மருத்துவர் பாதி சரி. மூச்சைத் தூண்டும் புரொஜெஸ்டிரோன் அந்த வயதில் குறைவதால் பெண்களுக்கு இந்த நோய் வரும் வாய்ப்பு கூடுகிறது. ஆனால் பெண்கள் சோர்வு, தூக்கமின்மை, தலைவலி என்று போய் நிற்பதால், குறட்டையைப் பற்றி யாரும் கேட்பதில்லை. சிலவகைத் தூக்க மாத்திரைகள் தொண்டைத் தசையை இன்னும் தளர்த்திவிடும் என்பதும் அன்றுதான் தெரிந்தது.

சிகிச்சை ஓர் இயந்திரம்: மூக்குக் கவசம் வழியாகக் காற்றைத் தொடர்ந்து அழுத்தி, மூச்சுவழி ஒட்டாமல் திறந்துவைப்பது. சிட்னியில் காலின் சலிவன் குழுவினர் 1981இல் வெளியிட்ட முறை அது. இயந்திரத்துக்கும் கவசத்துக்கும் சேர்த்து ஏறத்தாழ இரண்டாயிரம் வெள்ளி ஆனது. பணத்தை விடக் கடினம் முதல் பத்து நாட்கள். முகத்தில் ஏதோ பூச்சி உட்கார்ந்திருப்பது போல இருந்தது. இரவு ஒரு மணிவாக்கில் நானே கழற்றி எறிந்திருக்கிறேன். எறிந்தது நினைவில்லை, இயந்திரத்தின் பதிவில்தான் தெரிந்தது.

தாதி ஒருவர் சொன்ன வழி உதவியது. தூங்குவதற்கென்று போடாமல், மாலையில் வசந்தம் தொலைக்காட்சியில் நாடகம் பார்க்கும்போது அரை மணி நேரம் போட்டுக்கொண்டு உட்காரச் சொன்னார். மாறாமல் தொடரும் தொடுகையைத் தோலின் உணரிகள் வரவரக் குறைவாக அறிவிக்கின்றன. ஆபத்தில்லாத ஒன்று என்று மூளையும் பழகிவிட்டால் அதைக் கவனத்துக்கே கொண்டுவருவதில்லை. முப்பது ஆண்டுகளாகக் கழுத்தில் கிடக்கும் தாலிக்கொடியின் கனமும் கால்விரல் மெட்டியும் எனக்கு எப்போதாவதுதான் தெரிகின்றன. இரண்டாம் வாரம் கவசமும் அப்படி ஆனது. ஆனால் விளிம்பு விலகிக் கண்ணை நோக்கிக் காற்று கசிந்தால் மட்டும் எத்தனை நாளானாலும் பழகவில்லை. விட்டுவிட்டு வருகிற, மாறிக்கொண்டே இருக்கிற தொடுகைக்கு அந்தச் சலுகை கிடையாது. ஒரு சுற்றுச் சிறிய கவசத்துக்கு மாறியதும் அந்தக் கசிவும் நின்றது.

மூன்று மாதக் கணக்கில் மூச்சுத்தடை மணிக்கு 3 ஆகக் குறைந்திருந்தது. கோப்பி ஒன்றாகிவிட்டது, கணவரும் பாயைச் சுருட்டிக்கொண்டு அறைக்குத் திரும்பிவிட்டார். ரயிலில் இப்போது செய்தித்தாள் படிக்கிறேன்.

டிசம்பரில் தஞ்சாவூரில் அக்கா வீட்டுக்குப் போனபோது இயந்திரத்தைக் கைப்பையில் வைத்து எடுத்துச் சென்றேன். இரண்டாம் நாள் விடியலில், இவ்வளவு நன்றாகத் தூங்கி எத்தனை நாளாயிற்று என்று நினைத்தபடி எழுந்து கூடத்துக்கு வந்தேன். காப்பித் தம்ளரை நீட்டிய அக்கா, “ராத்திரி ரெண்டு மணிக்குக் கரண்ட் போச்சுடி. நீ மூஞ்சியில இருந்ததக் கழட்டிப் போட்டுட்டு, அதுலேர்ந்து ஒரே குறட்டை. வீட்டுல ஒருத்தரும் தூங்கல” என்றாள்.