எங்கள் சர்ஜரிக்கு இன்ஸ்பெக்‌ஷன் வந்தபோது

2022-இல் ஒரு செவ்வாய்க்கிழமை. குழந்தைகளின் தடுப்பூசி கிளினிக் முடிந்து கை கழுவிக்கொண்டிருந்தேன். பிராக்டிஸ் மேனேஜர் கதவைத் தட்டாமலே உள்ளே வந்தார். அப்படி வருகிற ஆள் இல்லை. "சி.க்யூ.சி. மெயில் வந்திருக்கு. இன்னும் ரெண்டு வாரம்" என்றார்.

கிழக்கு லண்டனில் ஒரு சின்ன ஜி.பி. சர்ஜரியில் நான் நர்ஸ். (ஜி.பி. என்றால் குடும்ப டாக்டர். சர்ஜரி என்றதும் ஊரில் ஆபரேஷன் என்று நினைப்பார்கள். இங்கே அது காய்ச்சல், சர்க்கரை, பிரஷர் எதற்கும் முதலில் போகிற பக்கத்துத் தெரு டாக்டரின் கிளினிக்.) இங்கிலாந்தில் இவற்றைச் சோதிப்பது கேர் குவாலிட்டி கமிஷன், அதாவது அந்த சி.க்யூ.சி. பாதுகாப்பு, சிகிச்சையின் பலன், பரிவு, நோயாளியின் தேவைக்கு ஈடுகொடுப்பது, நிர்வாகம் என்று ஐந்து கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் 'அவுட்ஸ்டாண்டிங்'கில் தொடங்கி 'இனாடிக்வேட்' (போதாது) வரை நான்கு தரங்களில் ஒன்று. ஆபத்து பெரிதென்று பட்டால் கிளினிக்கின் பதிவையே ரத்து செய்யலாம்.

அப்புறம் என்ன, சர்ஜரி கல்யாண வீடானது. ஜன்னல் திரைக் கயிறு குழந்தையின் கழுத்தில் சிக்காதபடி சுவரோடு கொக்கி போட்டோம். போட்டு முடித்த ஊசிகளைப் போடும் பெட்டிகளில் தேதி எழுதியிருக்கிறதா, அட்ரினலின் காலாவதியாகிவிட்டதா, ஆக்சிஜன் சிலிண்டர் நிறைந்திருக்கிறதா என்று ஆளுக்கொரு பக்கம் ஓடினோம். தண்ணீரில் வளரும் லீஜியோனெல்லா கிருமிக்காகக் குழாய்த் தண்ணீரின் சூட்டையும் அளக்க வேண்டும்: சுடுதண்ணீர் ஒரு நிமிடத்துக்குள் 55 டிகிரியைத் தொட வேண்டும், பச்சைத் தண்ணீர் 20-க்குக் கீழே இருக்க வேண்டும். நான் தெர்மாமீட்டரோடு நிற்பதை வீடியோ காலில் பார்த்த அம்மா, "குழாய்க்குமா காய்ச்சல்?" என்று கேட்டாள்.

ஆனால் அவர்கள் படியேறி வருவதற்கு முன்பே சோதனை பாதி முடிந்துவிட்டது. கமிஷனின் ஆலோசகராக வந்த ஒரு ஜி.பி., எங்கள் நோயாளிப் பதிவுகளில் குறிப்பிட்ட சில தேடல்களை ஓட்டினார். மூட்டுவாதம் போன்றவற்றுக்கு மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு ரத்தப் பரிசோதனை தவறாமல் நடக்கிறதா? ரத்தத்தில் சர்க்கரை அளவு எகிறியும் 'நீரிழிவு' என்று பதியாமல் விட்டவர்கள் யார்? வருடத்துக்கு 12 அல்லது அதற்கு மேல் நீல இன்ஹேலர் வாங்கிய ஆஸ்துமாக்காரர்கள் எத்தனை பேர்?

எங்களைக் கவிழ்த்தது இந்தக் கடைசிக் கேள்விதான். நீல இன்ஹேலர் இழுப்பை அந்த நேரத்துக்குத் தணிக்கும், உள்ளே இருக்கும் அழற்சியை அது தொடாது. அடிக்கடி தேவைப்படுகிறது என்றாலே நோய் கட்டுக்குள் இல்லை என்று அர்த்தம். ஆஸ்துமா மரணங்களை ஆராய்ந்து 2014-இல் வெளியான பிரிட்டிஷ் அறிக்கை இதைத்தான் எச்சரித்தது. அது எங்களுக்குத் தெரியாததல்ல. தெரிந்தும் மறு மருந்துச்சீட்டு கேட்டவர்களுக்கெல்லாம் ஒரு கிளிக்கில் கொடுத்துக்கொண்டிருந்தோம். திரைக்கயிற்றுக்குக் கொக்கி தேடி அலைந்த எங்களில் ஒருவருக்கும் அந்தத் தேடலை நாமே ஓட்டிப் பார்க்கலாம் என்று தோன்றவில்லை.

நேரில் வந்த அன்று இன்ஸ்பெக்டர் அம்மாள் தடுப்பூசி ஃப்ரிட்ஜ் முன்னால் நின்று என்னிடம் கேட்டார்: "கடைசியாக இங்கே என்ன தவறு நடந்தது?"

மேனேஜரின் முகத்தைப் பார்க்காமல் சொல்லிவிட்டேன். சில மாதங்களுக்கு முன் ஒரு திங்கட்கிழமை காலை அந்த ஃப்ரிட்ஜ் 14 டிகிரி காட்டியது. இருக்க வேண்டியது 2-க்கும் 8-க்கும் இடையில். துப்புரவு செய்ய வந்தவர் வாக்குவம் க்ளீனருக்காக ப்ளக்கைப் பிடுங்கிவிட்டுப் போயிருந்தார். ஊசிகளை உடனே ஒதுக்கி வைத்து, தயாரித்த கம்பெனிகளிடம் கேட்டு, கடைசியில் எல்லாவற்றையும் அழித்தோம். யாருக்கும் போடவில்லை. அதைப் பதிவு செய்தோம், கூட்டம் போட்டுப் பேசினோம், ப்ளக்கே இல்லாமல் நேரடியாக வயரிங் செய்தோம்.

எழுதிக்கொண்டே தலையாட்டினார். பிறகு, "அந்தக் கூட்டத்துக்குத் துப்புரவாளரைக் கூப்பிட்டீர்களா?"

இல்லை. அது எங்களுக்குத் தோன்றவே இல்லை. ஏஜென்சி ஆள்தானே என்று விட்டுவிட்டோம்.

வரைவு அறிக்கை வந்ததும் தகவல் பிழை இருந்தால் சொல்ல பத்து வேலை நாள் கொடுத்தார்கள். மேனேஜர் ஒவ்வொரு வரியோடும் மல்லுக்கட்டினார். இன்ஹேலர் வரியில் மட்டும் வாயைத் திறக்க முடியவில்லை. நான்கில் 'குட்', பாதுகாப்பில் 'ரிக்வயர்ஸ் இம்ப்ரூவ்மென்ட்' (இன்னும் முன்னேற வேண்டும்). ஒட்டுமொத்தத்தில் 'குட்'.

தரத்தை நோயாளிகள் கண்ணில் படும்படி மாட்ட வேண்டும் என்பது சட்டம். ரிசப்ஷன் பக்கத்தில் மாட்டியிருக்கிறோம். அதற்குள் நீலப் பட்டியலில் இருந்தவர்களை ஒவ்வொருவராக அழைத்து, அழற்சியைத் தணிக்க தினமும் இழுக்கிற பழுப்பு இன்ஹேலர் கொடுத்து, இழுத்துக் காட்டச் சொல்லிப் பார்க்கத் தொடங்கியிருந்தோம். அதில் ஒருவர் யாழ்ப்பாணத்து அம்மா. பேரன் அறிவிப்பை வாசித்துச் சொன்னதும், "நல்லம் எண்டுதானே போட்டிருக்கு, பிறகென்ன?" என்று என் கையைத் தட்டினார். பழுப்பை எப்படி இழுப்பது என்று இருபது நிமிடம் காட்டினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, வாசல் வரை போனவர் திரும்பினார்.

"பிள்ளை, அந்த நீலத்திலயும் ஒண்டு தாங்கோ. வீட்டில கிடக்கட்டும்."