குழித்துறையில் ரயிலேறி வாங்கிய இசைப் பட்டம்

குமரி மாவட்டத்தில் மார்த்தாண்டம், தக்கலை, கருங்கல் பக்கத்துப் பிள்ளைகளும் அவர்களுடைய அம்மாக்களும் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "இசையில டிகிரி எடுக்க நல்லாப் பாடினா போதுமா?" போதாது. பாட்டு உங்களை உள்ளே நுழைக்கும், அவ்வளவுதான். அப்புறம் பாடியதை ஸ்வரப்படுத்தி எழுத வேண்டும், ராகத்தைப் பிரித்து விளக்க வேண்டும், யாரும் சொல்லித்தராததை நின்ற இடத்திலேயே பாட வேண்டும்.

நான் படித்தது திருவனந்தபுரம் ஸ்வாதித் திருநாள் இசைக் கல்லூரியில், பி.பி.ஏ. (நிகழ்த்துகலை இளங்கலை) வாய்ப்பாட்டு. அப்போது மூன்று வருடம், ஆறு செமஸ்டர். கேரளப் பல்கலைக்கழகங்களில் 2024 முதல் நான்காண்டுப் பட்டத் திட்டம் வந்திருப்பதால், சேரும்போது உங்களுக்கு எது பொருந்தும் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

தமிழ்நாட்டில் அரசு இசைக் கல்லூரிகள் சென்னை, திருவையாறு, மதுரை, கோவையில் இருக்கின்றன. சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. நமக்கு எல்லாமே தூரம், ஹாஸ்டல்தான். திருவனந்தபுரம் என்றால் குழித்துறையிலிருந்து ரயிலில், சீசன் டிக்கெட்டில் போய்வரலாம். இன்னொன்று: இசைக்கலைமணி என்பது பட்டயம், பி.ஏ., பி.மியூசிக், பி.பி.ஏ. எல்லாம் பட்டம். மேற்படிப்புக்குப் பட்டம் வேண்டும் என்பதால் விண்ணப்பிக்கும் முன்பே இதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

எல்லை தாண்டிப் படிக்க அனுப்புவதா என்று வீட்டில் யோசித்தார்கள். 1939இல் அந்த நிறுவனம் தொடங்கியபோது முதல் தலைவராக வந்தவரே நம் பக்கத்துக் கர்நாடக இசை மேதை ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதர்தான் என்று சொல்லிப் பார்த்தேன். அப்பாவுக்கு அதைவிடச் சீசன் டிக்கெட் கணக்குத்தான் பிடித்தது. பெரியம்மா மட்டும் "பாட்டு படிச்சிட்டு என்ன மக்களே செய்யப் போற?" என்று கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தாள்.

சேர்க்கையில் பிளஸ் டூ மதிப்பெண்ணோடு திறனறித் தேர்வும் உண்டு. ஒரு வர்ணம் (ராகத்தின் போக்கைப் பழக்கும் பயிற்சி உருப்படி) பாடச் சொன்னார்கள். அப்புறம் அவர்கள் அகாரமாக, அதாவது சொல் இல்லாமல் 'ஆ' என்று, பாடிய சின்னச் சின்னப் பிடிகளைத் திருப்பிப் பாடச் சொன்னார்கள். சுருதி நிற்கிறதா, தாளம் கையில் இருக்கிறதா, காது வேலை செய்கிறதா என்றுதான் பார்க்கிறார்கள். பெரிய கிருதி பாடி அசத்த வேண்டியதில்லை. நாம் தமிழ்நாட்டுப் போர்டு என்பதால் டி.சி., மார்க் ஷீட்டோடு மைக்ரேஷன் சர்டிபிகேட்டையும் முன்கூட்டியே வாங்கி வைத்துவிடுங்கள்.

என் சிக்கல் உள்ளே போன பிறகுதான் ஆரம்பித்தது. நான் சர்ச் பாடகர் குழுவில் வளர்ந்தவள். கீர்த்தனைப் புத்தகத்தில் பாட்டின் தலையில் ஆனந்த பைரவி, சங்கராபரணம் என்று ராகப் பெயர் இருக்கும், நாங்கள் ஹார்மோனியம் சொன்னபடி பாடுவோம். ஹார்மோனியக் கட்டையில் ஸ்வரம் அசையாமல் நிற்கும், கர்நாடக இசையில் பாதி உயிர் அசைவில் இருக்கிறது. தோடியின் காந்தாரத்தை நான் நேராகப் பிடித்தால், ஸ்வரஸ்தானம் சரியாக இருந்தும் தோடி வராது. டீச்சர் என் ஹார்மோனியத்தை நிறுத்தச் சொல்லிவிட்டார். தம்புரா மட்டும் வைத்து, வர்ணங்களை மூன்று காலத்திலும் பாடிப் பாடித்தான் கமகம் என்கிற அந்த அசைவு தொண்டையில் ஏறியது. நம் மாவட்டத்தில் நிறையப் பேர் பாடகர் குழுவிலிருந்துதான் வருகிறோம். அதனால் இதைச் சேரும் முன்பே தொடங்குங்கள்.

தியரி வேறு உலகம். 72 மேளகர்த்தா என்னும் தாய் ராகங்கள், 35 தாளம், சார்ங்கதேவர், வேங்கடமகி போன்ற இசை நூலாசிரியர்கள், வாக்கேயகாரர் (பாட்டு இயற்றியவர்கள்) வரலாறு, ராக லட்சணம், கிருதிகளை ஸ்வர தாளக் குறிப்போடு எழுதுவது. எழுத்துக்கு எண் கொடுக்கும் கடபயாதி முறையில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கு ஒரு பள்ளம் உண்டு. மேளகர்த்தா ராகப் பெயரின் முதல் இரண்டு எழுத்தை எண்ணாக்கித் திருப்பிப் போட்டால் மேள எண் வரும். தீரசங்கராபரணத்தில் 'தீ'க்கு ஒன்பது, 'ர'வுக்கு இரண்டு, ஆக 29. ஆனால் நம் 'த' ஒன்றே ஆறாகவும் ஏழாகவும் எட்டாகவும் ஒன்பதாகவும் இருக்கலாம். மலையாள லிபியில் நான்கும் தனித்தனி என்பதால், கூடப் படித்தவர்கள் விரல்விட்டு எண்ணி முடித்துவிடுவார்கள். நான் மலையாள எழுத்தைக் கற்றுக்கொண்டதே இதற்காகத்தான்.

செய்முறைத் தேர்வில் கேள்வி எங்கிருந்தும் வரும். ராகத்தைச் சொல்லி ஆலாபனை (தாளமில்லாமல் ராகத்தை விரித்துப் பாடுவது) என்பார்கள், பல்லவி வரியைப் பிடித்து நிரவல் (அதே வரியை விதவிதமாகப் பாடுவது) என்பார்கள், தாளத்தில் அரை இடம் தள்ளித் தொடங்கும் வரிக்குக் கல்பனாஸ்வரம் (அப்போதே கற்பனை செய்து பாடும் ஸ்வரம்) கேட்பார்கள். தாளக் கணக்கை ரயிலில் பழகலாம். ஒற்றைப் பாதையில் எதிர் வண்டிக்காக நிறுத்திப் போட்டால், மடியில் பையை வைத்துத் தாளம் போட்டுக்கொண்டிருப்பேன். ஆலாபனைக்குக் கேள்வி ஞானம், அதாவது கேட்டுக் கேட்டு வரும் அறிவு, தவிர வேறு வழி இல்லை.

அதற்கு நமக்கு வாய்த்த இடம் திருவனந்தபுரத்து நவராத்திரி மண்டபம். பத்மநாபபுரத்திலிருந்து சரஸ்வதி ஊர்வலமாகப் போய் வீற்றிருக்கும் அந்த மண்டபத்தில் ஒன்பது நாளும் கச்சேரி. முதல் நாள் சங்கராபரணம், பிறகு கல்யாணி, சாவேரி, தோடி என்று போய் ஒன்பதாம் நாள் ஆரபி. நாளுக்கொரு ராகம் விஸ்தாரமாகக் கேட்கலாம். பெண்கள் அங்கே பாட முடியாது என்றிருந்த வழக்கத்தை 2006இல் மாற்றியவர் பாடகி பாறசாலை பொன்னம்மாள். களியக்காவிளை தாண்டினால் அவர் ஊர்தான், என் ரயிலும் அங்கே நின்றுதான் போகும்.

வருகைப் பதிவு 75 சதவீதம் இருக்க வேண்டும். ரயில் தாமதம் என்று சொன்னால் யாரும் ஏற்கமாட்டார்கள், முந்தைய வண்டியைப் பிடிப்பதுதான் வழி. ஆங்கிலம் போன்ற மொழித் தாள்களை லேசாக எடுக்காதீர்கள். நன்றாகப் பாடுகிறவர்கள் அரியர் வைப்பது பெரும்பாலும் அங்கேதான்.

முடித்த பிறகு கல்லூரியில் கற்பிக்க ஆசையென்றால் முதுகலை, அதன் மேல் நெட் (கல்லூரி ஆசிரியர் பணிக்கான தேசியத் தகுதித் தேர்வு). இசைக்கும் நெட் உண்டு. தமிழ்நாட்டுப் பக்கம் முதுகலைக்குத் திரும்புவதாக இருந்தால், பட்டச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கும்போதே மைக்ரேஷனுக்கும் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.